கரும்பலகை முன் ஒரு கூழாங்கல்



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையை வைத்தவர்கள் செல்வந்தர்கள் இல்லை. இந்த இயற்பியல் துறையில் முப்பது ஆண்டுக்கு மேல் ரெக்கார்டு நோட்டுகளில் கையெழுத்துப் போட்டே பேனா தேய்ந்த ஓர் ஆசிரியர் ஓய்வு பெற்றபோது, அவரிடம் படித்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுச் சேர்த்த பணம் இது. அதனால் கருந்துளை, ஈர்ப்பலை என்று தலைப்பு வைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்த ஆசிரியர் ஆண்டுதோறும் சந்தித்த ஒரு கேள்வியைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு தீபாவளி விடுமுறை முடிந்ததும் ஸ்டாஃப் ரூம் வாசலில் ஒரு பையனோ பெண்ணோ வந்து தயங்கி நிற்பார்கள். "சார், பிஎச்.டி. பண்ணணும்னு ஆசை. எப்படி சார் போறது?"

நாம் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒரே வரி: "நெட் எழுது." தப்பான பதில் இல்லை. நெட் ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. அதில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000; 2023 ஜனவரியிலிருந்து இந்தக் கணக்கு, வீட்டு வாடகைப்படி தனி. கேட் எழுதினால் அந்த மதிப்பெண் 3 ஆண்டுகளுக்குச் செல்லும். ஜெஸ்ட் என்றொரு தேர்வு இருப்பதே நம் பக்கத்துக் கல்லூரிகளில் பலருக்குத் தெரிவதில்லை. சென்னை தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம், பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனம், அங்கேயே இருக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனம், பிரயாக்ராஜ் (அலகாபாத்) ஹரீஷ் சந்திரா நிறுவனம் இவையெல்லாம் அதன் மதிப்பெண்ணைப் பார்த்து நேர்முகத்துக்கு அழைக்கின்றன. மும்பை டாடா நிறுவனம் தனக்கென்று ஒரு தேர்வு வைத்திருக்கிறது. தேதிகளும் கட்டணங்களும் ஆண்டுக்கு ஆண்டு மாறும்; அதை உங்கள் போனே சொல்லிவிடும். நான் சொல்ல வந்தது அந்தத் தேர்வுகளுக்குப் பிறகு வரும் முப்பது நிமிடத்தைப் பற்றி.

பல ஆண்டுகள் நேர்முகக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். மேசைக்கு இந்தப் பக்கம் ஐந்தாறு பேர், அந்தப் பக்கம் ஒரு கரும்பலகை, கையில் சாக்பீஸோடு ஒரு மாணவர். கோவைப் பக்கத்துக் கிராமக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்த ஒரு பெண்ணை மறக்க முடியாது. எழுத்துத் தேர்வில் மதிப்பெண் சுமார்தான். பதற்றத்தில் சாக்பீஸை இரண்டாக ஒடித்துவிட்டார். பதற்றத்தைத் தணிக்க ஒருவர் எளிய கேள்வியாகக் கேட்டார்: "உங்க ஊர்ல கிணறு இருக்காம்மா? ஒரு கல்லைப் போடறீங்க. இரண்டரை விநாடி கழிச்சுச் சத்தம் கேக்குது. தண்ணி எவ்வளவு ஆழத்துல இருக்கு?"

அவர் முகம் மாறிவிட்டது. கிணறு அவருக்குத் தெரிந்த இடம். பாதி ஜி டி ஸ்கொயர் என்று எழுதி, 30.6 மீட்டர், நூறு அடி என்றார். சத்தம் மேலே வர நேரமாகாதா என்றோம். ஆமாம் என்று தலையில் தட்டிக்கொண்டு, ஒலியின் வேகம் 340 என்று வைத்து மறுபடி போட்டார். 28.6 மீட்டர் வந்தது. இரண்டு மீட்டர் குறைந்ததில் அவருக்கே வியப்பு. ஒலி அவ்வளவு வேகமாக வரும்போது இவ்வளவு வித்தியாசமா என்று தனக்குள் முனகி, கல் கீழே போய்ச் சேரும் கடைசி நொடியில் விநாடிக்கு 24 மீட்டர் வேகத்தில் போகிறது, அதனால் நூறில் எட்டுப் பங்கு விநாடி பிசகினாலும் இரண்டு மீட்டர் பிசகும் என்று அவரே காரணம் கண்டுபிடித்தார். அதுவரை நன்றாகப் போயிற்று. பிறகு குழுவில் ஒருவர் கேட்டார்: "காற்றை விட்டுட்டீங்களே. காற்றின் தடையைச் சேர்த்தால்?"

நீண்ட மௌனம். அந்த மௌனத்தில்தான் பலர் கவிழ்கிறார்கள். படித்த சமன்பாடு எதையாவது, ஸ்டோக்ஸ் விதி, ரெனால்ட்ஸ் எண் என்று பெயரளவில் இறக்கிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்கள். இவர் சொன்னது: "தெரியலீங்க சார். கணக்காப் போடத் தெரியலீங்க. ஆனா பெரிய கல்லுன்னா பரவால்லீங்க, பொடிக்கல்லுன்னா நிறைய மாறும்னு தோணுதுங்க. எடை ஒரு பக்கம் கன அளவப் பொறுத்துக் கூடும், தடை பரப்பளவத்தானே பொறுத்துங்க?"

நேர்முகம் அந்த இடத்தில் முடிந்துவிட்டது என்றே சொல்வேன். மீதி இருபது நிமிடம் சம்பிரதாயம். ஒரு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கூழாங்கல்லுக்குக் காற்றின் தடையும் எடையும் சமமாகும் வேகம் ஏறக்குறைய விநாடிக்கு 24 மீட்டர். அதாவது காற்றே இல்லையென்றால் அந்தக் கிணற்றில் கடைசியில் எட்டியிருக்கும் அதே வேகம். ஆகவே கூழாங்கல்லுக்கு அவர் போட்ட கணக்கு செல்லாது. கைக்கொள்ளாத கல் என்றால் பழுதில்லை. எண்ணைப் போடாமலே அந்த எல்லைக்கோட்டை அவர் தொட்டுவிட்டார். எங்கே தனக்குத் தெரிந்தது முடிகிறது, அதற்கு அப்பால் எந்தத் திசையில் நடக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. ஆய்வு மாணவரிடம் நாங்கள் தேடுவது ஏறக்குறைய அவ்வளவே.

ஆனால் அந்தத் 'தெரியலீங்க' எளிதில் வாயில் வருவதில்லை. காரணம் நாம்தான். வைவாவில் தெரியாது என்றால் ஐந்து மதிப்பெண் போயிற்று. செய்முறைத் தேர்வில் நியூட்டன் வளையங்களின் விடை 5893 ஆங்ஸ்ட்ராமுக்குப் பக்கத்தில் வராவிட்டால் அளவீட்டைத் திருத்தி எழுதக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். வெளியில் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். நானும் மாணவனாக அதைச் செய்தவன். ஐந்து வருடம் அப்படிப் பழகிய பிள்ளையிடம், விடை எந்தப் புத்தகத்தின் பின்பக்கத்திலும் இல்லாத கேள்வியைக் கொடுத்து, இனி உண்மையாக இரு என்கிறோம்.

சென்னையில் படித்த ஒருவருக்கும், தெரிந்தது போதாது என்ற அடி விழுந்ததுண்டு. 1928இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு ஜெர்மனியிலிருந்து ஆர்னால்டு சோமர்ஃபெல்டு வந்தார். அவருடைய அணு அமைப்பு நூலைத் தானே படித்துத் தேறியிருந்த ஒரு பி.எஸ்சி. ஆனர்ஸ் மாணவர் அவரைப் போய்ப் பார்த்தார். சந்திரசேகர் என்று பெயர். படித்ததைப் பெருமையோடு சொன்ன பையனிடம் சோமர்ஃபெல்டு, அந்த இயற்பியல் பழையதாகிவிட்டது, ஷ்ரோடிங்கரும் ஹைசன்பர்க்கும் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல், உலோகங்களில் எலக்ட்ரான்கள் பற்றி இன்னும் அச்சாகாத தம் கட்டுரையின் அச்சுப்படியைக் கையில் கொடுத்தார். அடுத்த ஆண்டே அந்தப் புதிய புள்ளியியலை வைத்துச் சந்திரசேகர் எழுதிய கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. அதை அங்கே முன்வைத்தவர் கேம்பிரிட்ஜின் ஃபௌலர். 1930 ஜூலை 31ஆம் தேதி பம்பாயில் கப்பலேறி அதே ஃபௌலரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். கப்பலிலேயே போட்ட கணக்கு வெண்குள்ளன்களின் எடைக்கு ஓர் எல்லை உண்டு என்பது. அந்தக் கதையை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, பெரியவர் ஒருவர் "நீ படித்தது பழசு" என்று சொன்ன அன்று அந்தப் பையன் முகம் வாடி வீட்டுக்குப் போகாமல் அச்சுப்படியை வாங்கிக்கொண்டு போனது.

கப்பலேறியபோது அவர் தாயார் சீதாலட்சுமி நோயில் கிடந்தார். போ என்று வற்புறுத்தியவர் அவரே. அடுத்த ஆண்டு காலமானார். மகன் இங்கிலாந்தில் இருந்தார். மேற்படிப்புக்கு வெளியே போவதன் விலை இப்படியும் இருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். இப்போது விமானம் இருக்கிறது, வாட்ஸ்அப் இருக்கிறது, விலை மட்டும் முழுதாக மாறிவிடவில்லை.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். உள்நாட்டில் சில இடங்களும் வெளிநாட்டில் பெரும்பாலான இடங்களும் நோக்க அறிக்கை ஒன்று கேட்கும், ஒன்றிரண்டு பக்கம். நான் படித்தவற்றில் மிகப் பலவும் ஒரே மாதிரித் தொடங்கும்: சிறு வயதில் மொட்டை மாடியில் படுத்து நட்சத்திரங்களைப் பார்த்தேன். பார்த்திருப்பீர்கள், மறுக்கவில்லை. ஆனால் கட்டு கட்டாக விண்ணப்பம் படிப்பவருக்கு எல்லா மொட்டை மாடியும் ஒன்றுதான். ஒரே ஒரு மாணவர், எம்.எஸ்சி. திட்டப்பணியில் தாம் செய்த மென்படலத்தின் மின்தடையை நான்கு முனை முறையில் அளந்தபோது காலையில் ஒரு விடையும் மாலையில் ஒரு விடையும் வந்ததை எழுதியிருந்தார். வெப்பநிலை என்று நினைத்து இரண்டு வாரம் வீணாயிற்றாம். கடைசியில் பார்த்தால் வெள்ளிப் பசை சரியாகக் காயாமல் முனை ஒட்டவில்லை. இதை எழுதிவிட்டு, அளவீடு சரியாக வந்த பிறகும் குறைந்த வெப்பநிலையில் வரைகோடு ஏன் வளைகிறது என்று தனக்கு இன்னும் புரியவில்லை என்று முடித்திருந்தார். நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. அவரைக் கூப்பிடச் சொன்ன முதல் ஆள் நான்.

பரிந்துரைக் கடிதம் ஆசிரியர்களான நமக்கு. என்னுடைய ஆசிரியர் எனக்கு எழுதிய கடிதத்தை ரொம்ப நாள் கழித்துப் பார்த்தேன்: உழைப்பாளி, அடக்கமானவன், நன்னடத்தை உள்ளவன், குடும்பப் பின்னணி நல்லது. பெண் கொடுக்கலாமா என்று யோசிப்பவருக்கு எழுதியதுபோல் இருந்தது. அவரைக் குறை சொல்லவில்லை, அன்பு மிகுந்தவர். ஆனால் அந்தக் கடிதத்தை வைத்து என்னை அடுத்த அறுபது பேரிலிருந்து பிரிக்கவே முடியாது. இந்தப் பிள்ளை ஒரு நாள் என் வகுப்பில் எழுந்து இப்படி ஒரு கேள்வி கேட்டது, எனக்குப் பதில் தெரியவில்லை, மறுநாள் அதுவே பதிலோடு வந்தது என்று இரண்டு வரி இருந்தால் போதும். அப்படி எழுத வேண்டுமானால் அந்த நாள் நடந்திருக்க வேண்டும். மாணவர்களே, மூன்றாம் செமஸ்டர் முடிவதற்குள் யாராவது ஓர் ஆசிரியரிடமாவது அப்படி ஒரு நாளை உண்டாக்கிக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவைப் பற்றிக் கேட்பீர்கள். அங்கே பெரும்பாலான இயற்பியல் துறைகளில் இளநிலைப் பட்டத்திலிருந்தே நேராகப் பிஎச்.டி.யில் சேரலாம், அதனால் முடிக்க ஐந்தாறு ஆண்டுகள் பிடிக்கும். கட்டணம் நீக்கி, மாதச் சம்பளமும் கொடுப்பார்கள். பதிலுக்கு இளநிலை மாணவர்களுக்கு ஆய்வக வகுப்பு எடுக்க வேண்டும், விடைத்தாள் திருத்த வேண்டும். இயற்பியல் ஜி.ஆர்.இ. தேர்வை 2020க்குப் பிறகு பல துறைகள் கட்டாயமில்லை என்று விட்டுவிட்டன. ஒவ்வொரு துறையிலும் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பரில் முடிந்துவிடும். இடம் கிடைத்தால் ஏப்ரல் 15 வரை யோசிக்க உரிமை உண்டு, இது அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவை தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு. உடனே பதில் சொல் என்று யாராவது நெருக்கினால் இந்தத் தேதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறைகளையெல்லாம் தூக்கி எறிந்த ஒருவரும் உண்டு. சோவியத் நாட்டில் லெவ் லாண்டாவ் தம்மிடம் வர விரும்புபவர்களுக்கு ஒன்பது தேர்வுகள் வைத்தார். விண்ணப்பப் படிவம் கிடையாது, தொலைபேசியில் கூப்பிட்டால் போதும். வீட்டுக்கு வரச் சொல்லி, முதலில் கணிதத்தில் ஒரு தொகையீட்டைக் கையில் கொடுப்பார். 1961 வரை அத்தனையையும் தாண்டியவர்கள் 43 பேர். எல்லார் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். நம் ஊர்ப் பதிவாளர் அலுவலகத்தில் இதைச் சொன்னால் சாதிச் சான்றிதழ் நகல் எங்கே என்று கேட்பார்கள்.

இடம் கிடைத்த பிறகு என்ன நடக்கும்? முதல் ஆண்டு மறுபடி வகுப்பு. செவ்வியல் இயக்கவியல், குவாண்டம், புள்ளியியல் இயற்பியல், மின்காந்தவியல். ஜாக்சன் புத்தகத்தோடு முதல் முறையாக உண்மையாகச் சண்டை போடுவீர்கள். எம்.எஸ்சி.யில் நீங்கள்தான் தங்கப் பதக்கம். இங்கே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் எல்லாருமே எங்கேயோ தங்கப் பதக்கம். அக்டோபர் மாதம் வரும்போது, இவர்கள் என்னைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டார்கள், என்றைக்கோ கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்ற எண்ணம் இரவில் வரும். யாரிடமும் சொல்ல மாட்டீர்கள். பக்கத்து அறைக்காரனும் அதையே நினைத்துக்கொண்டு விழித்திருப்பான்.

1965இல் கேம்பிரிட்ஜுக்கு ஆய்வு மாணவியாக வந்த வட அயர்லாந்துக்காரர் ஜோசலின் பெல்லுக்கும் அப்படித்தான் இருந்தது. பின்னாளில் பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். சீக்கிரமே வெளியே அனுப்பிவிடுவார்கள், அதுவரை கொடுத்த வேலையை ஒரு குறையும் இல்லாமல் செய்துவிடுவோம் என்று முடிவெடுத்தாராம். முதல் இரண்டு ஆண்டுகள் செய்த வேலை என்ன தெரியுமா? நாலரை ஏக்கர் வயலில் சம்மட்டியால் கம்பம் அடித்து, கம்பி இழுத்து, ரேடியோ தொலைநோக்கி கட்டியது. பிறகு ஒவ்வொரு நாளும் அந்தக் கருவி கக்கிய ஏறக்குறைய முப்பது மீட்டர் காகிதச் சுருளைக் கண்ணால் படிக்க வேண்டும். 1967 ஆகஸ்டில் அதில் ஒரு சிறு கிறுக்கல், கால் அங்குலம் அகலம், அவர் தேடிய குவேசார் போலவும் இல்லை, மனிதர் உண்டாக்கும் இரைச்சல் போலவும் இல்லை. இது என்ன என்று தெரியவில்லை என்பதை அவர் தள்ளிவிடவில்லை. நவம்பர் இறுதியில் காகிதத்தை வேகமாக ஓடவிட்டுப் பதிவெடுத்தபோது 1.337 விநாடிக்கு ஒருமுறை துடித்தது. முதல் துடிவிண்மீன், பல்சார். அவருடைய ஆய்வேட்டில் அது பிற்சேர்க்கையாகத்தான் போயிற்று. ஏடு குவேசார்களைப் பற்றியது. 1974இன் நோபல் அவருடைய வழிகாட்டி ஹூயிஷுக்கும் ரைலுக்கும் போயிற்று. அதில் எனக்கு உள்ள கோபத்தை இன்னொரு சொற்பொழிவுக்கு வைத்துக்கொள்கிறேன்.

வழிகாட்டி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டு, பொதுவாக ஆறு வரை. அத்தனை காலம் உங்கள் தூக்கம் ஒருவருடைய மனநிலையைப் பொறுத்திருக்கும். அதனால் அவருடைய கட்டுரைப் பட்டியலைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அவரிடம் படிக்கும் சீனியர்களை டீக்கடைக்குக் கூட்டிப்போங்கள். எழுதிக் கொடுத்ததை எத்தனை நாளில் திருப்பித் தருவார்? முந்தைய மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? முக்கியமாக இன்னொன்று: அவர் எப்போதாவது உங்களிடம் "எனக்குத் தெரியாது" என்று சொல்லியிருக்கிறாரா? இந்தக் கடைசிக் கேள்விக்குச் சீனியர் சிரித்தால் வேறு வழிகாட்டியைப் பாருங்கள். மாணவனாக நான் இதைக் கேட்காமல் சேர்ந்து ஒன்றரை ஆண்டு கழித்துக் குழு மாறியவன். அந்தப் பெரியவர் பெயர் வேண்டாம். அவருக்கு எல்லாம் தெரியும்.

கல்லூரியில் இருக்கும்போதே இதற்கெல்லாம் பழக முடியுமா? முடியும், செலவும் இல்லை. 1950களில் மயிலாப்பூரில் அல்லாடி ராமகிருஷ்ணன் 'ஏகாம்ர நிவாஸ்' என்ற தம் வீட்டில் மாணவர்களைக் கூட்டிக் கருத்தரங்கு நடத்தினார். புதிய கட்டுரைகளை அந்த இளைஞர்களே விளக்க வேண்டும், மற்றவர்கள் குறுக்கே கேட்பார்கள். 1960இல் சென்னை வந்த நீல்ஸ் போர் அந்தக் குழுவைப் பார்த்துப் பாராட்டிப் பேசிய பேச்சு நேரு வரை போயிற்று. 1962 ஜனவரி 3ஆம் தேதி கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. நீங்கள் நிறுவனம் தொடங்க வேண்டாம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து பேர், ஒரு பலகை, ஒருவர் ஒரு கணக்கைப் போட வேண்டும், மற்ற நால்வர் மறிக்க வேண்டும். முதல் மாதம் அவமானமாக இருக்கும்.

கடைசியாகப் பணம். 2018இல் ஜோசலின் பெல்லுக்கு 30 லட்சம் டாலர் பரிசு ஒன்று கிடைத்தது. ஒரு சல்லியும் வைத்துக்கொள்ளாமல், இயற்பியல் ஆய்வுக்கு வர வழியில்லாத பிரிவுகளைச் சேர்ந்த மாணவர்களுக்கான உதவித்தொகைக்கு முழுவதையும் கொடுத்துவிட்டார். நம்மிடம் அவ்வளவு இல்லை. இந்த அறக்கட்டளையின் ஆண்டு வட்டியில் எனக்கு ஒரு சால்வையும் சன்மானமும் போக மீதம் இருக்கிறது என்று பொருளாளர் சொன்னார். சால்வை வீட்டில் நிறைய இருக்கிறது. நேர்முகத்துக்குப் போகும் மாணவர்களுக்கு ரயில் கட்டணமும் இரண்டு நாள் சாப்பாட்டுச் செலவும் இதிலிருந்து முன்பணமாகக் கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறேன். துறைத் தலைவர் ஒத்துக்கொண்டார். கிணற்றுக் கணக்குப் போட்ட அந்தப் பெண், நேர்முகத்துக்கு வருவதற்கு அம்மாவின் கம்மலை அடகு வைத்துவிட்டுத்தான் வந்தார் என்று எனக்கு மூன்று ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது.

அழைப்புக் கடிதத்தின் நகலைத் துறை அலுவலகத்தில் கொடுத்தால் போதும். சில நிறுவனங்கள் பயணச் செலவைத் திருப்பித் தரும்; தந்தால் அந்தப் பணத்தை இங்கே திரும்பக் கட்டிவிடுங்கள், அடுத்தவருக்கு ஆகும். டிக்கெட்டை மட்டும் தொலைத்துவிடாதீர்கள், கேட்பார்கள்.